கையெழுத்தும் கதவும்



மூன்றே அங்கங்கள் கொண்ட ஒரு நாடகம். வாள் வீச்சு இல்லை, வேல் முனை இல்லை. மன்னன் இல்லை, மந்திரி இல்லை. கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஒரு வீட்டின் கூடம். அதிலே ஒரு கணவன், ஒரு மனைவி. கடைசியில், கீழே தெருவாயிலில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. திரை விழுகிறது. அவ்வளவேதான்!

1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், டென்மார்க்கின் தலைநகராம் கோபன்ஹேகனில், அரச நாடக அரங்கிலே அந்த ஓசை முதன்முதலாக எழுந்தது. பீரங்கி முழக்கம் கேட்டுப் பழகிய ஐரோப்பா, அந்தச் சிறு ஓசை கேட்டுத் திடுக்கிட்டது. மாதாகோயில்களிலே கண்டித்தனர், ஏடுகளிலே ஏசினர். விருந்துக்கு அழைப்பு அனுப்புவோர், ‘அந்த நாடகத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசவேண்டாம்’ என்று சேர்த்து எழுதியனுப்பினர் என்றுகூடச் சொல்வார்கள். பேசினால் சண்டை, விருந்து பாழ்!

நாடகத்தின் பெயர் ‘பொம்மை வீடு’. தீட்டியவர் நார்வே நாட்டு ஹென்ரிக் இப்சன். அரங்கேறுமுன்பே, அதே திங்கள் 4ஆம் நாள் புத்தகமாக வெளிவந்தது. அச்சிட்ட 8,000 படிகளும் ஒரு மாதத்திலே தீர்ந்தன. நாடகப் புத்தகம், தோழர்களே, 8,000 படிகள்! நாடகம் எழுதி அச்சிட்டுக் கட்டுக் கட்டாக வீட்டிலே அடுக்கி வைத்திருக்கும் என் போன்றோர் பொறாமைப்பட வேண்டிய செய்தி.

அந்தக் கதவோசையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ‘பெண் விழித்தாள், பொம்மை வாழ்வை உதறினாள், கதவைச் சாத்தினாள்’ என்று முழங்கினால் கைதட்டல் நிச்சயம். நானும் அதையே முழங்கி, கைதட்டல் வாங்கி, மாலையும் பெற்றுப் போய்விடலாம். ஆனால், கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பேராசிரியர்கள் பாடம் நடத்தியபோது சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எல்லோரும் கதவைப் பார்க்கும்போது என் கண் வேறொன்றைப் பார்க்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தாளின் அடியிலே, அந்தப் பெண் போட்ட கையெழுத்தைப் பார்க்கிறது. அதைப்பற்றியே பேசப்போகிறேன்.

கிறிஸ்துமசுக்கு முதல் நாள். கைநிறையப் பொட்டலங்களுடன் நோரா வீட்டுக்குள் நுழைகிறாள். திருமணமாகி எட்டாண்டுகள், குழந்தைகள் மூன்று. கணவன் டோர்வால்டு ஹெல்மர் வழக்கறிஞன். புத்தாண்டு பிறந்ததும் பாங்கியின் மேலாளனாகப் பதவி ஏற்க இருப்பவன். மனைவிமீது அவனுக்கு அன்பு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. வானம்பாடி என்கிறான், அணிற்பிள்ளை என்கிறான். ஆனால் அவள் மக்ரூன் தின்னக்கூடாது! பல் கெட்டுவிடுமாம். மக்ரூன் இன்னதென்று நம் தூத்துக்குடித் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று குழந்தைகளுக்குத் தாய், சட்டைப் பையிலே மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு, கணவன் வரும் காலடி கேட்டதும் வாயைத் துடைத்துக்கொள்கிறாள்! வீட்டிலே கடிதப் பெட்டி ஒன்று உண்டு. சாவி அவனிடம் மட்டுமே உண்டு. அவளுக்கு வரும் கடிதமானாலும் அவன் கை திறந்தால்தான் வெளியே வரும்.

அவன் அறியாத செய்தி ஒன்று அவளிடம் இருக்கிறது. மணமான புதிதில் அவன் கடும் நோயுற்றான். தென்னாட்டு வெயிலுக்கு அழைத்துச் செல்லாவிட்டால் பிழைக்கமாட்டான் என்றனர் மருத்துவர்கள். அதை அவனிடமே சொல்லக்கூடாது என்றும் கூறினர். பணம் இல்லை. தந்தையோ சாகக் கிடக்கிறார். நோரா கடன் வாங்குகிறாள்: 1,200 ஸ்பீசிடாலர், பின்னர் வந்த நாணயக் கணக்கிலே 4,800 குரோனர். கடன் கொடுத்த குரோக்ஸ்டாட், தந்தையின் ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்கிறான். அவள் போட்டுவிடுகிறாள், தந்தையின் பெயரைத் தன் கையால்! தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்திலே கையெழுத்துக்குரிய நாள் அக்டோபர் 2. செத்தவர் மூன்று நாள் கழித்து எழுந்து வந்து கையெழுத்திட்டிருக்கிறார்!

கணவன் பிழைத்தான். மாமனார் கொடுத்த பணத்தால் இத்தாலி சென்று வந்ததாக நம்பினான், நிமிர்ந்து நடந்தான். அவளோ, துணிமணி வாங்கக் கொடுத்த பணத்திலே பாதியை மிச்சம்பிடித்து, இரவிலே கதவைத் தாழிட்டுக்கொண்டு பிறருக்குப் படியெடுத்து எழுதிக்கொடுத்து, தவணை தவணையாய் வட்டியும் முதலும் கட்டிவந்தாள். அப்படி எழுதிச் சம்பாதித்த இரவுகளிலே களைப்பு மிகுந்திருந்தாலும், தான் ஓர் ஆண்மகனாகிவிட்டதுபோல் ஒரு மகிழ்ச்சி இருந்தது என்று தோழியிடம் சொல்கிறாள். உழைத்துப் பெற்ற காசு கையிலே விழும்போது வருகிற அந்த மகிழ்ச்சிக்கு ‘ஆண்மகன்’ என்றுதான் அவளால் பெயர் வைக்க முடிந்தது. வேறு பெயர் அந்த நாட்டிலே அன்று இல்லை.

ஏன் இந்தத் திருட்டுக் கையெழுத்து? அவள் பெயரையே எழுதி, நேராகக் கடன் வாங்கியிருக்கக்கூடாதா? கூடாது! கணவன் ஒப்புதலின்றி மனைவி கடன் வாங்க இயலாது என்பதை முதல் அங்கத்திலேயே தோழி லிண்டே அம்மையார் நினைவூட்டுகிறார். இது இப்சனின் கற்பனை அல்ல, நாட்டின் சட்டம்.

அந்தச் சட்டத்தின் விந்தையைச் சற்றுக் கவனியுங்கள். 1863இல், நார்வேயில் 25 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணுக்கு ஆணைப்போலவே முழு உரிமை தந்தனர். சொத்தை ஆளலாம், ஒப்பந்தம் செய்யலாம். சட்டத்தின் கண்களிலே அவள் ‘மேஜர்’! அவள் ஒருநாள் மாதாகோயிலுக்குப் போகிறாள். மோதிரம் மாற்றிக்கொள்கிறாள். வெளியே வருகிறாள். இப்பொழுது அவள் மீண்டும் ‘மைனர்’! காலையிலே வளர்ந்தவள், மாலையிலே குழந்தை! உலகத்திலே மற்ற உயிர்களுக்கெல்லாம் வயது ஏறிக்கொண்டே போகிறது. மணமகளுக்கு மட்டும் ஒரே நாளிலே இறங்குகிறது! மணமான பெண்ணும் சட்டப்படி வளர்ந்தவளே என்றும், தன் உழைப்பால் ஈட்டியதைத் தானே ஆளலாம் என்றும் நார்வே ஏற்றது 1888இல். நாடகம் வந்து ஒன்பது ஆண்டு கழித்து.

ஆகவே, ‘பொம்மை வீடு’ என்ற பெயரைக் கவிஞனின் உவமையென்று மட்டும் கொள்ளாதீர்கள். அது ஒரு சட்டப் பிரிவின் தமிழாக்கம் என்றே நான் கூறுவேன்.

கடன் கொடுத்தவன் பாங்கியிலே வேலை பார்ப்பவன். அவனை ஹெல்மர் வேலையிலிருந்து நீக்குகிறான். அவன் கடிதம் எழுதிப் பெட்டியிலே போட்டுவிடுகிறான். நோரா நடுங்குகிறாள், ஆனால், உள்ளத்தின் ஓரத்தில் ஒரு நம்பிக்கையை வளர்க்கிறாள். கடிதத்தைப் படித்ததும், அவளுக்காகவன்றோ அவள் இதைச் செய்யவில்லை, அவனுக்காகவன்றோ செய்தாள், ஆகவே அவன் எழுந்து நின்று, ‘குற்றம் என்னுடையது’ என்று பழியைத் தானே ஏற்பான் என எண்ணுகிறாள். அதை அவன் செய்யவிடாமல், அதற்குமுன் தான் செத்துவிடவேண்டும் என்றும் எண்ணுகிறாள்.

படித்தான் பாங்கி மேலாளன். வானம்பாடி எங்கே போயிற்று, அணிற்பிள்ளை எங்கே போயிற்று! பொய்க்காரி என்கிறான், குற்றவாளி என்கிறான். உன் தந்தையின் தீய குணங்களெல்லாம் உன்னிடம் வந்து சேர்ந்தன என்கிறான். இனிக் குழந்தைகளை வளர்க்க உனக்கு உரிமையில்லை. ஆனால் ஊர் கண்ணுக்கு வெளித்தோற்றம் கெடாமல் இந்த வீட்டிலேயே கிட என்கிறான். அடுத்த நொடி இன்னொரு கடிதம் வருகிறது. கடன்காரன் மனம் மாறிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். படித்ததும் ஹெல்மர் துள்ளிக் குதிக்கிறான்: தான் பிழைத்துக்கொண்டானாம்! ‘நாம்’ பிழைத்தோம் என்றுகூட முதலிலே வாயில் வரவில்லை. பத்திரத்தைக் கிழித்து அடுப்பிலே போடுகிறான். அவளை மன்னித்தும் விடுகிறான்! யாரை யார் மன்னிப்பது?

நோரா உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். உட்காருங்கள், பேசவேண்டும் என்கிறாள். எட்டாண்டு இல்லறத்திலே, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து முக்கியமான ஒரு பொருளைப்பற்றிப் பேசுவது அன்றுதான் முதல்முறை! அழவில்லை, சபிக்கவில்லை. கணக்குத் தீர்க்கிறாள். தந்தை வீட்டிலே குழந்தைப் பொம்மை, உங்கள் வீட்டிலே மனைவிப் பொம்மை. முதலிலே நான் மனுஷியாக வேண்டும், அதற்குத் தனியே நின்றாக வேண்டும் என்ற பொருள்படப் பேசுகிறாள். மோதிரத்தைத் திருப்பித் தருகிறாள், தன் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாள். பண உதவி செய்கிறேன் என்றவனிடம், அயலாரிடம் எதையும் பெறுவதில்லை என்று கூறிவிட்டுப் புறப்படுகிறாள். பிறகுதான் அந்தக் கதவோசை.

இதெல்லாம் நாடகம், வீட்டிலே நடக்குமா என்பீர்கள். நடந்தது! லாரா கீலர் என்றொரு பெண். எழுத்தாளர், இப்சனுக்கு நன்கு தெரிந்தவர். அவரை ‘வானம்பாடி’ என்று அழைத்தவர் வேறு யாருமல்ல, இப்சனேதான். கணவனுக்குக் காசநோய். இத்தாலி கொண்டுபோக, கணவனறியாமல் லாரா கடன் பட்டார்; கணவன் குணமடைந்தான். கடன் கழுத்தை நெரித்தது. 1878இல், தான் எழுதிய நூலொன்றை இப்சனுக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் சொல்லி வெளியிட உதவுமாறு வேண்டினார். நூல் தரமாக இல்லையென்று இப்சன் மறுத்துவிட்டார். உண்மையைக் கணவனிடம் சொல்லிவிடுமாறு அறிவுரை கூறினார். லாரா கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பணம் பெற முயன்றார், சிக்கினார்.

அந்தக் கணவன் என்ன செய்தான்? தன் உயிரைக் காத்தவளிடமிருந்து குழந்தைகளைப் பிரித்தான். மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினான். ஒரு மாத காலம் அங்கே! பின்னர் அவர் அதே கணவனிடம் திரும்பிச் சென்றார், குழந்தைகளுக்காக.

நாடகத்திலே நோரா கதவைச் சாத்தினாள்; உண்மையிலே லாராவை உள்ளே தள்ளி அவர்கள் கதவைச் சாத்தினர். மேடையைக் கண்டு கைதட்டுவோர் இதை மறந்துவிடக்கூடாது. லாராவுக்கு நோராவைவிடத் துணிவு குறைவா? இல்லை. கணவன், மருத்துவர், பாங்கி, சட்டம் என்று எதிரே நின்றவை எல்லாம் ஒரே பக்கம். லாரா நெடுநாள் வாழ்ந்தார், 1932 வரை; நூல்கள் பல எழுதினார். ஆனால் ஊர் அவரை எழுத்தாளர் என்று பார்க்கவில்லை, நோராவின் அசல் என்றே பார்த்தது. அது அவர் வாழ்நாளெல்லாம் வருந்திய வருத்தம். இந்த இடத்தில் இப்சனிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஒரு பெண்ணின் இரத்தத்தைத் தொட்டு எழுதிய பேனா, அவள் உதவி கேட்டு நின்றபோது மூடிக்கிடந்தது. நாடகம் பெரிது, அதனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது.

அவரைப்பற்றி மறுபக்கமும் சொல்லவேண்டும். 1879 தொடக்கத்திலே ரோம் நகரில் ஸ்கந்திநேவியர் சங்கம் ஒன்றிலே இப்சன் உறுப்பினர். நூலகர் பதவியிலே பெண்ணும் அமரலாம் என்றும், கூட்டங்களில் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றும் அவர் தீர்மானங்கள் கொண்டுவந்தார். வாக்குரிமைத் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை; ஒரே ஒரு வாக்கு குறைந்து தோற்றது. கொதித்துப் போனார் மனிதர்! அதே ஆண்டில்தான் ‘பொம்மை வீடு’ பிறந்தது. ஒரு சிறு சங்கம், ஒரே ஒரு வாக்கு! இதைப் படிக்கும் தோழர் உங்கள் ஊர் மன்றத்தை நினைத்துப் பாருங்கள். செயலாளர் நாற்காலியிலே தாய்மார் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? பொருளாளராக எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

1884இல், மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை வேண்டுமென்று நார்வே நாடாளுமன்றத்துக்குச் சென்ற விண்ணப்பத்திலே பியோர்ன்சன் முதலிய எழுத்தாளர்களுடன் இப்சனும் கையெழுத்திட்டார். ஆம், மற்றுமொரு கையெழுத்து! ஆனால் 1898இல், பெண்ணுரிமைச் சங்கத்தார் அவருக்கு விருந்தளித்துப் பாராட்டியபோது, ‘நான் பெண்ணுரிமைக்கென்று திட்டமிட்டு உழைத்தவனல்ல, மனித குலத்தை வரைந்தேன்’ என்ற கருத்தையே கூறிவிட்டு அமர்ந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, இப்சனே மறுத்துவிட்டார்’ என்று குதிப்போர் உண்டு. பெண்ணின் கதையை எழுதியவர் மனிதரின் கதை எழுதினேன் என்றால், பெண் மனிதரே என்றுதானே பொருள்? குதிப்பானேன்?

சரி, நாடகத்துக்கு வருவோம். கதவோசை ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே ஹெட்விக் நீமன்-ராபே என்னும் புகழ்பெற்ற நடிகை, ‘நானாயிருந்தால் குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன், இந்த முடிவை நடிக்கமாட்டேன்’ என்றார். அந்நாளிலே இப்சனின் நாடகங்களுக்கு ஜெர்மனியில் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். பிறன் வெட்டுவதைவிட நானே வெட்டிவிடுகிறேன் என்று இப்சனே வேறொரு முடிவு எழுதிக்கொடுத்தார். அதிலே, ஹெல்மர் அவளை இழுத்துச் சென்று உறங்கும் குழந்தைகளைக் காட்டுகிறான், அவள் தளர்ந்து கீழே சரிகிறாள், திரை. எழுதிக்கொடுத்த கையோடு, இது நாடகத்தின்மீது நடத்தப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்று ஏட்டிலே அறிவிக்கவும் செய்தார். 1880 பிப்ரவரியில் அந்த முடிவுடன் மேடையேறியது. எடுபடவில்லை, அந்த நடிகையே பின்னர்ப் பழைய முடிவுக்குத் திரும்பிவிட்டார்.

லண்டன்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். 1884இல் அவர்கள் தழுவி நடத்திய நாடகத்திலே, கணவன் பழியைத் தன் தலையிலே ஏற்றுக்கொள்கிறான், மனைவி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். எந்த அற்புதம் நடக்கவில்லையோ, அது நடந்துவிட்டதாகக் காட்டி, சீட்டு விற்றனர்!

நாடகக்காரன் என்ற முறையில் இதை நான் நன்கறிவேன். மூன்றாம் அங்கத்தை மாற்றச் சொல்லாத நாடகக் கான்ட்ராக்டரை நான் கண்டதில்லை. ‘எல்லாம் பிரமாதம், கடைசியிலே மட்டும் அந்தப் பெண்ணைப் புருஷன் காலிலே விழவைத்துவிடுங்கள், தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்’ என்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கொட்டகையிலே அமர்ந்திருக்கும் நாம் அந்த முடிவுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

குழந்தைகளை விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாய்மார்கள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நோரா விட்டுச் செல்வது யாரிடம்? ஆன் மேரி என்ற செவிலித்தாயிடம். நாடகத்தைப்பற்றிப் பேசும் அறிஞர்கள் இவளை ஒரு வரியிலே தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டமாட்டேன்.

ஆன் மேரி ஏழை. ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போனான், குழந்தை பிறந்தது. தாயில்லாக் குழந்தை நோராவுக்குப் பாலூட்ட ஆள் தேவைப்பட்டது. பெற்ற மகளை அயலாரிடம் கொடுத்துவிட்டு, பணக்கார வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்ட வந்தாள். உன் குழந்தையைக் கொடுக்க எப்படி மனம் வந்தது என்று நோரா கேட்கிறாள். வேறு வழியேது, நல்ல இடம் கிடைத்ததே பெரிது என்கிறாள் அவள். மகள் உன்னை மறந்திருப்பாளே? இல்லை, மாதாகோயிலிலே உறுதிபூசுதல் பெற்றபோது ஒன்றும், மணமானபோது ஒன்றும் கடிதம் எழுதினாளாம்! ஒரு தாய்க்கு வாழ்நாளிலே மகள் தந்தது இரண்டு கடிதம்.

குழந்தையை விட்டுச் சென்ற தாய் என்று நோராவை ஏசிய ஐரோப்பா, அதே நாடகத்திலே, அதே மேடையிலே, குழந்தையை விட்டுவந்த இன்னொரு தாய் தட்டும் துணியும் ஏந்தி நடமாடியதைப் பார்த்துவிட்டும் வாய்திறக்கவில்லை! ஏன்? ஏழை பிள்ளையைப் பிரிந்தால் அது பிழைப்பு. செல்வர் வீட்டுப் பெண் பிரிந்தால் அது பாவம்! நோராவின் விருப்பத்துக்குப் பெயர் விடுதலை. ஆன் மேரியின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை, அதனால் அதற்குப் பெயரும் இல்லை. நோரா அன்றிரவு துணிந்து படியிறங்க முடிந்ததற்குக் காரணம், குழந்தைகளின் அறையிலே ஆன் மேரி விழித்திருந்ததுதான்.

லிண்டே அம்மையாரின் கதை வேறு. தாயையும் தம்பியரையும் காப்பாற்ற, பிடிக்காத செல்வனை மணந்தவர். அவன் வெறுங்கையாய் விட்டுச் செத்தான். கடை வைத்தார், பள்ளி நடத்தினார், தன் காலிலே நின்றார். அவர் இப்பொழுது தேடுவது, உழைத்துக் காப்பாற்ற ஓர் ஆளை. கடன்கார குரோக்ஸ்டாட்டைத் தாமாகவே கேட்டு ஏற்றுக்கொள்கிறார். ஒருத்தி மணவாழ்வைவிட்டு வெளியேறும் அதே இரவிலே இன்னொருத்தி மணவாழ்வுக்குள்ளே நுழைகிறார். இப்சன் குடும்பத்துக்கே எதிரி என்று கூறுவோர் இந்தக் காட்சியின்போது தூங்கியிருப்பார்கள் போலும். சம்பாதிக்கத் தெரிந்தவர் உள்ளே வந்தார், தெரியாதவள் வெளியே போனாள். இருவருமே தாமே முடிவெடுத்தனர்.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரு சேதி. 1911இல் டோக்கியோவிலே மட்சுயி சுமாகோ என்ற நடிகை நோராவாக நின்றார். ஜப்பானியப் பெண்கள் அதே ஆண்டு தொடங்கிய தங்கள் இதழிலே நோராவுக்கென்று சிறப்புப் பகுதியே வெளியிட்டு வாதாடினர். 1918இல் சீனத்திலே ‘புதிய இளைஞர்’ இதழ் இப்சன் சிறப்பிதழ் கண்டது. வீட்டைவிட்டு வெளியேறுவதே விடுதலை என்று சீன இளைஞர்கள் நோராவைக் கொண்டாடினர்.

அந்தக் கொண்டாட்டத்தின் நடுவிலே எழுந்து ஒருவர் குளிர்நீர் ஊற்றினார். பெயர் லூ சுன். 1923 டிசம்பர் 26இல், பெய்ஜிங் நகரின் மகளிர் ஆசிரியர் கல்லூரியிலே, மாணவியர் முன்னால், நோரா வெளியேறிய பிறகு என்ன ஆகும் என்பதையே தலைப்பாக வைத்துப் பேசினார். அவர் கூறியதன் சாரம்: சமூகம் மாறாதவரை அவளுக்கு இரண்டே வழி, ஒன்று சீரழிவது, மற்றொன்று வீடு திரும்புவது. பட்டினி கிடந்து சாவது மூன்றாவது, ஆனால் அதை வழி என்று சொல்ல முடியாது. விழித்த உள்ளத்தோடு அவள் கைப்பையிலே வேறென்ன கொண்டுபோனாள்? பணம் இருந்ததா? நாகரிகமாகச் சொன்னால், பொருளாதாரம். அதைப்பற்றிப் பேசுவது கேவலமென்று உயர்ந்தோர் கருதுவர். ஆனால் அப்படிக் கருதுவோரின் வயிற்றைத் தடவிப் பார்த்தால் அது நிறைந்திருக்கும்! வாக்குரிமை கேட்டால் பெரிதாய் எதிர்க்கமாட்டார்கள். பொருளுரிமை கேட்டுப் பாருங்கள், அப்பொழுது தெரியும் என்றும் எச்சரித்தார்.

பேசியதோடு நிற்கவில்லை. 1925இல் ஒரு கதையும் எழுதினார். காதலனும் காதலியும் இப்சனைப்பற்றிப் பேசி மகிழ்கின்றனர். நான் எனக்கே உரியவள் என்று அறிவித்துவிட்டு அவள் வீட்டைவிட்டு வருகிறாள். அவனுக்கு வேலை போகிறது. வறுமை நுழைகிறது. கோழிகளைத் தின்று தீர்க்கின்றனர், நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். பிறகு அவன், உண்மை பேசுவதே உயர்வென்று எண்ணி, உன்மீது இப்பொழுது எனக்கு அன்பில்லை என்று சொல்லியும் விடுகிறான்! தந்தை வந்து அழைத்துப் போகிறார், அவள் சாகிறாள். ‘விடுதலை’ என்ற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். விறகு வாங்கும் வழியை அவனும் கற்கவில்லை. முற்போக்கு மேடையிலே முழங்கும் இளைஞர்கள் நோராவைப் படிக்கிறார்களோ இல்லையோ, இந்தக் கதையைப் படிக்கவேண்டும். ஹெல்மரைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. இந்தக் காதலனைக் கண்டால் நம்மில் பலருக்குக் கண்ணாடி பார்த்தது போலிருக்கும்.

ஆகவேதான் கையெழுத்தைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். விருப்பம் என்பது உள்ளத்திலே பிறக்கலாம்; ஆனால் அது உயிர்வாழத் தாள் வேண்டும், தாளிலே பெயர் வேண்டும், அந்தப் பெயருக்கு நாட்டிலே மதிப்பு வேண்டும்.

நம் நாட்டிலே அந்தத் தாளின் வரலாறு என்ன? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை என்று தீர்மானித்தது. நகைத்தனர் அன்று. சரியாக அறுபது ஆண்டு சென்று, 1989இல், பரம்பரைச் சொத்திலே மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலே பங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. அதற்குமுன் மணமானவர்கள் விலக்கப்பட்டனர். 2005இல் இந்திய நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் செய்தது. 2005க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல். நோரா போட முடியாத கையெழுத்தைப் போட நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்பொழுது முழுத் தகுதி உண்டு.

போடவும் செய்கிறாள்! எங்கே? சார்பதிவாளர் அலுவலகத்திலே. அண்ணன் கார் வைத்து அழைத்துப் போகிறான். வழியிலே நல்ல ஓட்டலில் சிற்றுண்டி. கையிலே ஒரு புடவை. ‘தாய்வீட்டு வாசல் உனக்கு எப்பொழுதும் திறந்திருக்க வேண்டாமா?’ என்று அண்ணி கேட்கிறாள். பங்கு கேட்ட தங்கையின் வீட்டுக்குப் பொங்கல் சீர் வராது என்பது ஊரறிந்த செய்தி. எழுத்தர் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்திடுகிறாள், பெருவிரல் வைக்கிறாள். தனக்குள்ள பங்கு முழுவதையும் உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள். அந்தத் தாளுக்கு நம் பதிவுத்துறையிலே என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்!

மனமுவந்து விட்டுக்கொடுத்தால் யாரும் குறுக்கே நிற்க முடியாது. அதுவும் அவள் உரிமையே. ஆனால் அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். ஊரிலே விவரம் தெரிந்தவர், நாலு பேருக்கு வேண்டியவர் என்று உங்களைத்தான் அழைப்பார்கள். நம் தோழர்களில் பலர் போய் நின்றிருக்கிறார்கள். இனி ஒருமுறை அழைத்தால், பேனாவின் மூடியைத் திறக்குமுன், அந்தப் பெண்ணை அண்ணனிடமிருந்து பத்தடி தள்ளி, அலுவலகத்து மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘தங்கச்சி, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குப் படித்துக் காட்டினார்களா? எத்தனை சென்ட், என்ன விலை பெறும் என்று சொன்னார்களா?’ என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.